இலைக் கணக்கு எங்கே தப்புகிறது: பைத்தானில் கிளாஸ் எழுதத் தொடங்கியவர்களுக்கு, அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று பொருள்நோக்கு நிரலாக்கம் பள்ளியிலேயே வந்துவிட்டது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்திலிருந்து சந்தேகம் கேட்டு வரும் பிள்ளைகளில் பலருக்கு வரையறைகள் தலைகீழ்ப் பாடம். கிளாஸ் என்றால் என்ன, ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று கேட்டால் முழு மதிப்பெண்ணுக்கு விடை வரும். சொந்தமாக இருபது வரி எழுதி ஓட்டச் சொன்னால்தான் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்து நிற்கும். உடனே வரிகளை மேலும் கீழும் மாற்றிப் போட ஆரம்பித்துவிடுவார்கள். தற்செயலாக ஓடிவிட்டாலும் எது சரியானது என்று தெரியாது. மறுநாள் அதே பிழை வேறு சட்டை போட்டு வரும்.

தொடக்கநிலைப் பிழைகளில் பெரும்பாலானவற்றை ஒரே கேள்வியால் பிடித்துவிடலாம்: இந்தத் தகவல் இப்போது யாரிடம் இருக்கிறது? இந்த ஆப்ஜெக்டிடமா, அதன் கிளாஸிடமா, அல்லது ஒரு செயல் ஓடும்போது மட்டும் இருந்து, முடிந்ததும் காணாமல் போகும் தற்காலிகப் பெயரிடமா? கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் இந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்கப்போகிறோம்.

எடுத்துக்காட்டு நமக்குத் தெரிந்ததே. வீட்டுத் தோட்டத்துப் பசுந்தேயிலையைச் சாக்கில் கட்டி ரோட்டோரக் கொட்டகைக்குக் கொண்டு போகிறோம். தராசில் தொங்கவிட்டு எடை எழுதுகிறார்கள். சாக்குக்குக் கழிக்கிறார்கள், மழை நாளென்றால் ஈரத்துக்கும் கழிக்கிறார்கள். மாதக் கடைசியில் மொத்தம் போட்டுப் பணம். இந்தக் கணக்குக்கான சின்ன கிளாஸ் இது:

கிளாஸ் விவசாயி:
    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
        செல்ஃப்.எடைகள் = []
    டெஃப் சேர்(செல்ஃப், எடை):
        செல்ஃப்.எடைகள்.அப்பெண்டு(எடை)
    டெஃப் மொத்தம்(செல்ஃப்):
        ரிட்டர்ன் சம்(செல்ஃப்.எடைகள்)

படிக்க எளிதாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது கிளாஸ், டெஃப், செல்ஃப், இனிட், ரிட்டர்ன், அப்பெண்டு, சம் போன்ற பைத்தானின் சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். விவசாயி, எடைகள், சேர், மொத்தம் என்று நாம் வைத்த பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3-லிருந்து மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழில் பெயர் வைக்க முடியும், அப்படியே ஓடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு வேலை

ஒன்று, பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து படியுங்கள். பைத்தானின் ட்ரேஸ்பேக்கில் பிழையின் பெயரும் காரணமும் கடைசி வரியில் இருக்கும். அதற்கு மேலே எந்தக் கோப்பில் எந்த வரி என்று இருக்கும். பலர் முதல் வரியைப் பார்த்தே மிரண்டு பெட்டியை மூடிவிடுகிறார்கள்.

இரண்டு, சந்தேகப்படும் ஆப்ஜெக்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கௌரி = விவசாயி("கௌரி") என்று ஒருவரை உருவாக்கிவிட்டு பிரிண்ட்(வார்ஸ்(கௌரி)) என்று போட்டால், கௌரி என்ற ஆப்ஜெக்ட் தன் கையில் வைத்திருப்பதை மட்டும் பெயரும் மதிப்புமாகக் காட்டும். இந்த ஒரு வரியைப் பழக்கப்படுத்திக்கொண்டால் ஊகிக்கும் வேலை பாதி குறைந்துவிடும்.

அறிகுறி: "ஒன்றுதான் கொடுத்தேன், இரண்டு கொடுத்ததாகச் சொல்கிறது"

கௌரி.சேர்(42) என்று போட்டீர்கள். டைப்எரர் வருகிறது: இந்தச் செயல் ஒரு மதிப்பைத்தான் ஏற்கும், இரண்டு கொடுக்கப்பட்டுள்ளன. அடைப்புக்குள் 42 ஒன்றுதானே இருக்கிறது?

டெஃப் வரியைப் பாருங்கள். டெஃப் சேர்(எடை) என்று எழுதியிருப்பீர்கள், செல்ஃப் விட்டுப்போயிருக்கும். கௌரி.சேர்(42) என்பதைப் பைத்தான் உள்ளே விவசாயி.சேர்(கௌரி, 42) என்று மாற்றித்தான் கூப்பிடுகிறது. புள்ளிக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் ஆளாகப் போய் உட்காருவார். அவருக்கு டெஃப் வரியில் இடம் வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தின் பெயர்தான் செல்ஃப். அது பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொல்கூட இல்லை, எல்லோரும் வழக்கமாக வைக்கும் பெயர், அவ்வளவுதான். 'நான்' என்று வைத்தாலும் ஓடும். ஆனால் அடுத்தவர் படிக்க வேண்டுமே, செல்ஃப் என்றே வையுங்கள்.

இரண்டையும் நீங்களே அடித்துப் பாருங்கள். விவசாயி.சேர்(கௌரி, 42) என்றும் கௌரி.சேர்(42) என்றும் போட்டால் ஒரே பலன்தான் கிடைக்கும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு செல்ஃப் பற்றிய குழப்பம் திரும்ப வந்து நான் பார்த்ததில்லை. அரை மணி நேர விளக்கத்தைவிட இந்த இரண்டு வரி மேல்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: "எடை என்ற மதிப்பு வரவில்லை" என்று டைப்எரர். விவசாயி.சேர்(42) என்று கிளாஸ் பெயரை வைத்தே கூப்பிட்டிருப்பீர்கள். 42 போய் செல்ஃப் இடத்தில் உட்கார்ந்துகொண்டது, எடைக்கு ஆள் இல்லை. அல்லது கௌரி = விவசாயி என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அப்போது புது ஆப்ஜெக்ட் எதுவும் பிறக்கவில்லை. கிளாஸுக்கே இன்னொரு பெயர் வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று: விவசாயி("கௌரி") என்றதும் "விவசாயி எந்த மதிப்பையும் ஏற்காது" என்று வந்தால் __இனிட்__ எழுதிய இடத்துக்குப் போங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என அடிக்கோடுகள் இருக்க வேண்டும். திரையில் இரண்டு கோடும் ஒட்டி ஒன்றாகத் தெரியும். கைப்பேசியில் அடிப்பவர்கள் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கோடு போட்டால் அது சாதாரணப் பெயர் கொண்ட ஏதோ ஒரு செயல். பைத்தான் அதைத் தானாகக் கூப்பிடாது.

அறிகுறி: "அந்தப் பண்பே இல்லை என்கிறது, நான் எழுதியிருக்கிறேனே"

அட்ரிபியூட்எரர். 'விவசாயி ஆப்ஜெக்டிடம் எடைகள் என்ற பண்பு இல்லை.' வார்ஸ் போட்டுப் பாருங்கள், உண்மையிலேயே இருக்காது.

அடிக்கடி பார்க்கும் காரணம்: __இனிட்__ உள்ளே எடைகள் = [] என்று செல்ஃப் இல்லாமல் எழுதியது. அது அந்தச் செயல் ஓடும் நேரத்துக்கு மட்டும் உள்ள பெயர். செயல் முடிந்ததும் போய்விட்டது. கௌரியின் கையில் எதுவும் வைக்கப்படவில்லை. செல்ஃப்.எடைகள் என்று எழுதினால்தான் கௌரியிடம் போய்ச் சேரும்.

இதைவிட மோசமானது எழுத்துப் பிழை. மொத்தத்தைச் செயலாக இல்லாமல் எண்ணாக வைத்திருக்கும் கிளாஸில், செல்ஃப்.மொத்தம் என்று எழுத வேண்டிய இடத்தில் செல்ஃப்.மொதம் = 80 என்று எழுதினால் பைத்தான் முணுமுணுக்கக்கூட இல்லை; மொதம் என்று புதுப் பண்பு ஒன்றை உருவாக்கிவிட்டு நகர்ந்துவிடும். படிக்கும்போதுதான் இல்லாத பெயர் பிழையாகும். எழுதும்போது இல்லாத பெயர் பிறந்துவிடும். பிழையே வராமல் மொத்தம் மட்டும் பழைய எண்ணிலேயே நின்றால் இதைத்தான் முதலில் தேடுங்கள். வார்ஸ் காட்டும் பட்டியலில் மொத்தமும் மொதமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்.

நேம்எரர் வந்தாலும் மருந்து இதேதான். கிளாஸுக்குள் ஒரு செயலிலிருந்து இன்னொன்றைக் கூப்பிடும்போது மொத்தம்() என்று மொட்டையாக எழுதக் கூடாது. யாருடைய மொத்தம் என்று சொல்ல வேண்டும்: செல்ஃப்.மொத்தம்(). 'செல்ஃப் என்ற பெயரே இல்லை' என்று வந்தால் அந்த வரி டெஃப்புக்கு வெளியே, இடப்பக்கம் தள்ளி நிற்கிறது.

அறிகுறி: ஒருவர் போட்ட இலை எல்லோர் கணக்கிலும் ஏறுகிறது

இங்கே சற்று நிதானமாக நிற்போம். பிழைச் செய்தி வராது, நிரல் நிற்காது, எண் மட்டும் தப்பாக வரும். நிஜக் கணக்காக இருந்தால் கொட்டகையில் சண்டையே வந்துவிடும்.

எழுதியது இது:

கிளாஸ் விவசாயி:
    எடைகள் = []
    டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர்):
        செல்ஃப்.பெயர் = பெயர்
    டெஃப் சேர்(செல்ஃப், எடை):
        செல்ஃப்.எடைகள்.அப்பெண்டு(எடை)

கௌரி 42-ம் 38-ம் போட்டார். ஜோகி 55 போட்டார். கௌரியின் மொத்தம் 80 வர வேண்டும், 135 வருகிறது. ஜோகிக்கும் 135.

வார்ஸ்(கௌரி) போட்டால் பெயர் மட்டும்தான் இருக்கும், எடைகள் இருக்காது. அப்படியானால் கௌரி.எடைகள் எங்கிருந்து வந்தது? ஒரு பண்பைப் படிக்கும்போது பைத்தான் முதலில் ஆப்ஜெக்டின் கையில் தேடும். இல்லையென்றால் அதன் கிளாஸிடம் போகும். இங்கே எடைகள் பட்டியல் கிளாஸிடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. கௌரி கேட்டாலும் அதுதான், ஜோகி கேட்டாலும் அதுதான். அப்பெண்டு அந்த ஒரே பட்டியலில் போய்ச் சேர்க்கிறது.

இதில் பிள்ளைகளைக் குழப்பும் விஷயம் ஒன்று. பட்டியலுக்குப் பதில் கிளாஸ் மட்டத்தில் மொத்தம் = 0 என்று எண்ணை வைத்து, சேர் உள்ளே செல்ஃப்.மொத்தம் = செல்ஃப்.மொத்தம் + எடை என்று எழுதினால் கணக்குச் சரியாக வந்துவிடும்! 'எண்ணுக்குச் சரியாக வருகிறதே, பட்டியலுக்கு மட்டும் ஏன் தப்பு?' நல்ல கேள்வி. அந்த வரியின் வலப்பக்கத்தில் செல்ஃப்.மொத்தம் படிக்கப்படுகிறது, கௌரியிடம் இல்லை, கிளாஸிடமிருந்து 0 வருகிறது. கூட்டிய 42 இடப்பக்கத்தில் எழுதப்படுகிறது. சமக்குறி போட்டு எழுதுவது எப்போதும் கௌரியின் கையிலேயே போய்ச் சேரும். அடுத்த முறை கௌரியிடமே இருக்கிறது, கிளாஸ் வரை போக வேண்டியதில்லை. அப்பெண்டில் சமக்குறியே இல்லை. யாரிடமும் புதிதாக எதையும் வைக்கவில்லை; இருக்கும் பட்டியலுக்குள்ளேயே கை விட்டு மாற்றுகிறது.

இந்தப் பத்தியை ஒரு தடவை படித்துப் புரியாவிட்டால் தாளில் கௌரி, ஜோகி, விவசாயி என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வரி ஓடும்போதும் எந்தக் கட்டத்தில் என்ன மாறுகிறது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் இதற்கு ஈடான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

நிவர்த்தி: ஆளுக்கு ஆள் வேறுபடும் எதையும் __இனிட்__ உள்ளே செல்ஃப் போட்டு உருவாக்குங்கள். எல்லோருக்கும் பொதுவானதை மட்டும் கிளாஸ் மட்டத்தில் வையுங்கள். சாக்கு_எடை = 1 என்பது பொது; கிளாஸில் இருக்கலாம். அதை மாற்றும்போதும் கவனம் வேண்டும். விவசாயி.சாக்கு_எடை = 2 என்றால் எல்லோருக்கும் மாறும். கௌரி.சாக்கு_எடை = 2 என்றால் கௌரிக்கு மட்டும் தனியாக ஒன்று உருவாகும்; மற்றவர்களுக்குப் பழையதே.

இதே நோய் இன்னொரு வாசல் வழியாகவும் வரும். டெஃப் __இனிட்__(செல்ஃப், பெயர், எடைகள்=[]) என்று முன்னிருப்பு மதிப்பாகக் காலிப் பட்டியலைக் கொடுப்பது. ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல் கிடைக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கிடைக்காது. டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு தடவை அந்தப் பட்டியல் உருவாகிறது. பட்டியல் கொடுக்காமல் உருவாகும் எல்லா விவசாயிகளுக்கும் அதையே கொடுக்கிறது. எடைகள்=நன் என்று வைத்துவிட்டு (நன் என்பது 'எதுவும் இல்லை' என்பதற்குப் பைத்தான் வைத்திருக்கும் மதிப்பு; ஆங்கிலத்தில் அடிக்கும்போது இதன் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து), உள்ளே நன்னாக இருந்தால் புதிதாக [] உருவாக்குங்கள்.

சந்தேகம் தீர்க்க ஒரு சோதனை: பிரிண்ட்(கௌரி.எடைகள் இஸ் ஜோகி.எடைகள்). ட்ரூ என்று வந்தால் இருவருக்கும் ஒரே பட்டியல்.

அறிகுறி: நகல் எடுத்து மாற்றினேன், அசலும் மாறிவிட்டது

சென்ற_மாதம் = கௌரி என்று போட்டால் நகல் எதுவும் எடுக்கப்படவில்லை. பெயர் என்பது சாக்கில் கட்டும் சீட்டு மாதிரி. ஒரே சாக்கில் இரண்டு சீட்டு கட்டினால் சாக்கு இரண்டாகிவிடாது. உண்மையான நகல் வேண்டுமென்றால் காப்பி மாட்யூலில் உள்ள டீப்காப்பியைப் பயன்படுத்துங்கள். வெறும் காப்பி போதாது: வெளி ஆப்ஜெக்ட் புதிதாக வந்தாலும் உள்ளே இருக்கும் எடைகள் பட்டியல் பழையதாகவே இருக்கும்.

அறிகுறி: திரையில் விசித்திரமாக ஏதோ அச்சாகிறது

மூன்று விதம், மூன்றும் சின்னது.

'நன்' என்று வந்தால் மொத்தம் செயலுக்குள் ரிட்டர்ன் இல்லை, பிரிண்ட் போட்டிருப்பீர்கள். திரையில் காட்டுவது வேறு, கேட்டவருக்குத் திருப்பிக் கொடுப்பது வேறு.

'பவுண்ட் மெத்தட்' என்று நீளமாக வந்தால் கௌரி.மொத்தம் என்று அடைப்புக்குறி இல்லாமல் விட்டிருக்கிறீர்கள். செயலைக் கூப்பிடவில்லை, செயலையே காட்டச் சொல்லியிருக்கிறீர்கள்.

'விவசாயி ஆப்ஜெக்ட்' என்று சொல்லி 0எக்ஸ் என்று தொடங்கும் எண் வந்தால் பிழையே இல்லை. எப்படிக் காட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தரவில்லை. __எஸ்டிஆர்__ என்ற செயலை எழுதி ஒரு சரத்தைத் திருப்பிக் கொடுங்கள். பட்டியலுக்குள் வைத்து அச்சிட்டால் மறுபடி பழையபடியே வரும், ஏனென்றால் அங்கே கேட்கப்படுவது __ரெப்ர்__. ஒன்றுதான் எழுத நேரம் என்றால் __ரெப்ர்__ எழுதுங்கள். மற்றது இல்லாதபோது அதையே எடுத்துக்கொள்ளும்.

'இன்ட் ஆப்ஜெக்டைக் கூப்பிட முடியாது' என்ற டைப்எரரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொத்தம் என்று ஒரு செயலும் இருக்கிறது, __இனிட்__ உள்ளே செல்ஃப்.மொத்தம் = 0 என்றும் இருக்கிறது. ஆப்ஜெக்டின் கையில் இருப்பது முந்திக்கொள்ளும், கௌரி.மொத்தம்() என்றால் 0-வைக் கூப்பிடுவதாக ஆகிவிடும். இரண்டில் ஒன்றின் பெயரை மாற்றுங்கள்.

அறிகுறி: பிள்ளை கிளாஸ் எழுதியதும் பெற்றோர் கிளாஸின் பண்புகள் காணவில்லை

இப்போது ஒவ்வொரு எடைக்கும் தனி ஆப்ஜெக்ட் வைப்போம். வரவு என்று ஒரு கிளாஸ்: எடையும் சாக்குகளின் எண்ணிக்கையும் வைத்திருக்கும், நிகர_எடை கேட்டால் சாக்குக்கு ஒரு கிலோ கழித்துச் சொல்லும். மழை நாளுக்கு ஈர_வரவு(வரவு): கூடுதலாகக் கழிவு விழுக்காடு.

ஈர_வரவில் __இனிட்__ எழுதி, உள்ளே செல்ஃப்.கழிவு = கழிவு மட்டும் போட்டீர்கள். நிகர_எடை கேட்டதும் 'எடை என்ற பண்பு இல்லை.' மரபுரிமம் என்றால் எல்லாம் தானாக வந்துவிடும் என்றுதானே படித்தோம்?

செயல்கள் வரும். ஆனால் எடையை ஆப்ஜெக்டின் கையில் வைத்தது பெற்றோரின் __இனிட்__. அதே பெயரில் நீங்கள் புதிதாக எழுதியதும் பழையது ஓடவே இல்லை. முதல் வரியாக சூப்பர்().__இனிட்__(எடை, சாக்குகள்) என்று கூப்பிடுங்கள். நிகர_எடையிலும் அப்படியே: சூப்பர்().நிகர_எடை() என்று பெற்றோரின் விடையை வாங்கி அதிலிருந்து கழியுங்கள். 52 கிலோ, 2 சாக்கு, 10 விழுக்காடு ஈரக் கழிவு என்று வைத்துக்கொண்டால் பெற்றோர் 50 கொடுப்பார், நீங்கள் 45 சொல்ல வேண்டும்.

45 வராமல் 50-லேயே நின்றால்? பிழையும் இல்லை, கழிவும் நடக்கவில்லை. பிள்ளை கிளாஸில் நிகரஎடை என்று அடிக்கோடு இல்லாமல் எழுதியிருப்பீர்கள். பெயர் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு செயல்; கூப்பிடும்போது பெற்றோருடையதுதான் ஓடும்.

இது சரியாக அமைந்துவிட்டால் கிடைக்கும் பலன் பெரிது. மாதம் முழுக்க வந்த வரவுகளை, காய்ந்தது ஈரமானது கலந்து, ஒரே பட்டியலில் வைத்து ஒவ்வொன்றிடமும் நிகர_எடை கேட்டுக் கூட்டினால் போதும். எது ஈரம் என்று நீங்கள் விசாரிக்கத் தேவையில்லை. அதனதன் கணக்கை அதுவே சொல்லும். பாலிமார்ஃபிசம் என்று தேர்வுக்கு எழுதுவது இதைத்தான்.

அறிகுறி: இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது, சமம் இல்லை என்கிறது

வரவு(52, 2) என்று இரண்டு ஆப்ஜெக்ட் உருவாக்கி இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் ஃபால்ஸ். நீங்கள் சொல்லாதவரை பைத்தான் பார்ப்பது 'இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா' என்பதை மட்டும்தான். எதை வைத்துச் சமம் என்று __ஈக்யூ__ எழுதிச் சொல்லுங்கள். அதை எழுதியதும் அந்த ஆப்ஜெக்டை செட்டில் போடவோ டிக்ஷனரியின் சாவியாக்கவோ முடியாமல் போகும். தேவைப்பட்டால் __ஹாஷ்__ எழுத வேண்டும். பைத்தான் 3.7-இல் வந்த டேட்டாகிளாஸ், இனிட், ரெப்ர், ஈக்யூ மூன்றையும் தானே எழுதித் தரும். கையால் எழுதிப் பழகிய பிறகு அதற்குப் போங்கள். அதற்கு முன் வேண்டாம்.

தமிழில் பெயர்கள் வைத்துக் கணக்கெழுதுபவர்களுக்கு இங்கே தனியாக ஒரு குழி இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய பாடங்களில் இதைப் பார்ப்பது அரிது. விவசாயிகளை ஒரு டிக்ஷனரியில் பெயரைச் சாவியாக வைத்துச் சேமித்திருக்கிறீர்கள். "கௌரி" என்று தேடினால் கீஎரர். அச்சிட்டுப் பார்த்தால் பட்டியலில் கௌரி இருக்கிறார்! பிரிண்ட்(லென்(பெயர்)) போடுங்கள். ஒன்றுக்கு 4 வரும், மற்றொன்றுக்கு 5. ஒருவர் ஔகாரக் குறியால் கௌரி என்று அடித்திருக்கிறார். இன்னொருவர் எகரக் கொம்பும் 'ள' எழுத்தும் சேர்த்துக் கெளரி என்று அடித்திருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு.

கோத்தகிரி, கொழுந்து மாதிரிச் சொற்களிலும் இது நடக்கும். ஒகர, ஓகாரக் குறிகள் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். இந்த வகையை யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ், என்எஃப்சி என்ற வடிவத்தால் ஒன்றாக்கிவிடும். மாறிப் பெயர்களுக்குப் பைத்தான் இதைத் தானே செய்துகொள்கிறது. மேற்கோள் குறிக்குள் இருக்கும் சரங்களுக்குச் செய்யாது. கெளரியை மட்டும் நார்மலைஸாலும் திருத்த முடியாது, அது உண்மையிலேயே வேறு எழுத்து. ஆகவே பெயரைச் சாவியாக வைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் உறுப்பினர் எண் கொடுத்து அதைச் சாவியாக வையுங்கள்; பெயர் அந்த ஆப்ஜெக்டின் ஒரு பண்பாக மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் ஒன்றை மாற்றினால் பத்து இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது

நீலகிரியில் பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் விலை அறிவிக்கிறது. அதை நிரலில் எங்கே வைப்பது? பலர் செல்ஃப்.விலை என்று விவசாயியிடம் வைக்கிறார்கள். அடுத்த மாதம் விலை மாறியதும் நூறு விவசாயிகளிடமும் போய் மாற்ற வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவருக்குப் பழைய விலை. வேறு சிலர் விவசாயி கிளாஸ் மட்டத்தில் பொதுவாக வைக்கிறார்கள். அப்போது சென்ற மாதக் கணக்கைத் திரும்பப் போட்டால் இந்த மாத விலையில் வரும்.

அந்தக் கேள்வியையே கேளுங்கள்: விலை யாருடையது? கௌரியுடையது இல்லை, மாதத்துடையது. மாதக்_கணக்கு என்று ஒரு கிளாஸ் வந்தால் மாதத்தின் பெயர், அந்த மாத விலை, அந்த மாதத்து வரவுகள் எல்லாம் அதனிடம் இருக்கும். 'கௌரிக்கு எவ்வளவு' என்று அதனிடம் கேட்கலாம். மாதக்_கணக்கு வரவின் ஒரு வகை அல்ல, வரவுகளை வைத்திருப்பது. அதனால் இங்கே மரபுரிமம் கூடாது; ஒரு பட்டியலாக உள்ளே வைத்துக்கொண்டால் போதும். 'இது அதில் ஒரு வகை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து இயல்பாக இருந்தால் மட்டும் மரபுரிமம்.

எதைக் கிளாஸ் ஆக்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இந்த முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் உதவும். 1960-களில் ஆஸ்லோவில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிரிஸ்டன் நிகார்டும் சிமுலா மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலகில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்க்க உருவானது அது. கிளாஸ், ஆப்ஜெக்ட், ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்று பிறப்பது எல்லாம் சிமுலா 67-இலேயே இருந்தன. கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் டூரிங் விருது 2001-ஆம் ஆண்டுக்கு இவர்கள் இருவருக்கும் கொடுக்கப்பட்டது. நடப்பதை அப்படியே பார்த்து, யார் எதை வைத்திருக்கிறார், யார் எதைச் செய்கிறார் என்று எழுதுவதுதான் இதன் பிறவிக் குணம். ஆகவே கணினி முன் உட்காருவதற்கு முன்னால் கொட்டகையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். தராசுக்காரர் எழுதும் சீட்டில் என்னென்ன இருக்கிறது, எது ஒவ்வொரு எடைக்கும் மாறுகிறது, எது மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது, எது மாறுவதே இல்லை? கிளாஸ்கள் அங்கேயே பிரிந்து கிடக்கும்.

எதிலும் அடங்காத பிழை என்றால்

வெளி ஆளிடம் கேட்பதற்கு முன் நிரலைச் சுருக்குங்கள். பிழை வருவதற்குத் தேவையான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டுங்கள். பத்துப் பதினைந்து வரி மிஞ்சும். வெட்டும்போதே பாதிப் பேருக்குக் காரணம் தெரிந்துவிடும். அப்படியும் தெரியாவிட்டால் அந்த வரிகள், முழு ட்ரேஸ்பேக், வார்ஸ் காட்டியது, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது எல்லாவற்றையும் எழுத்தாக அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம்; படத்திலிருந்து நிரலை எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. செய்தியாக வந்த நிரலை ஒட்டும்போது மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருந்தால் பைத்தான் ஒரு வரியையும் ஓட்டாமல் நின்றுவிடும்; அவற்றை நேர்க் குறிகளாகத் திரும்ப அடியுங்கள்.

ஆடி மழையில் நெட் போய்விட்டது என்று பயிற்சியை நிறுத்தவும் தேவையில்லை. பைத்தானை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், உதவிக் குறிப்புகளும் உள்ளேயே இருக்கின்றன: ஹெல்ப்(லிஸ்ட்) என்று அடித்தால் பட்டியல் என்னென்ன செய்யும் என்று முழுவதும் காட்டும், ஹெல்ப்(விவசாயி) என்று அடித்தால் நீங்கள் எழுதிய கிளாஸையே உங்களுக்கு விவரித்துச் சொல்லும்.